கொச்சி சமஸ்தான வன டிராம்வேயின் நீராவி எஞ்சின்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பரம்பிக்குளத்துக் காடுகளிலிருந்து சாலக்குடி வரை, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்துக்கு மீட்டர் அகலத்தில் அமைக்கப்பட்டு, 1907 முதல் 1963 வரை தேக்கு, ஈட்டி முதலிய உயர்ந்த ஜாதி மரங்களைச் சமவெளிக்கு இறக்கிய இருப்புப்பாதையே கொச்சி சமஸ்தான வன டிராம்வே ஆகும். மரம் சுமப்பதற்கென்றே வந்த நீராவி எஞ்சின்களின் ஜீவிதத்தையும் முடிவையும் அறிய விரும்பும் தமிழ் வாசகருக்கு அருகாமையிலுள்ள சிறந்த உதாரணம் இதுவே. பாதையின் தலைமாடான பரம்பிக்குளத்துக்கு இன்றும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்துதான் சாலை செல்கிறது.

மலையுச்சியில் மரம் அபரிமிதமாக இருந்தும், அதிரப்பள்ளி போன்ற அருவிகள் குறுக்கிட்டமையால், ஆற்றில் மிதக்கவிட்டு அதனைக் கீழே கொண்டுவருவது இயலாதிருந்தது. வன அதிகாரியாக இருந்த ஆழ்வார் செட்டி என்பார் டிராம்வே யோசனையை முன்வைத்தார். ஷோரனூரிலிருந்து கொச்சிக்கு 1902இல் ரயில் ஓடத் தொடங்கியபின், சாலக்குடியில் இறங்கும் மரம் துறைமுகத்தை அடைவது சுலபமாயிற்று. காட்டுக்குள்ளே யானைகள் அடிமரங்களை இழுத்து வந்து பாதையோரம் சேர்த்தன.

எஞ்சின்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனியிலிருந்து வந்தவை. 1876இல் பெர்லினில் தொடங்கப்பட்ட அந்த ஸ்தாபனம், தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் உரிய சிறு ரயில்களில் உலகப் பிரசித்தி பெற்றது. ஆயினும் இந்தப் பாதையில் எஞ்சினின் ஆட்சி சமதளத்திலும் மிதமான ஏற்றத்திலும் மட்டுமே செல்லுபடியாயிற்று. செங்குத்தான சரிவுகளில், மேலே நிறுத்திய பெரிய உருளையைச் சுற்றிய எஃகுக் கயிற்றின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டியையும், மறுமுனையில் வெற்று வண்டியையும் கட்டிவிட்டு, இறங்கும் பாரத்தின் பலத்தாலேயே வெறுவண்டியை மேலே ஏற்றினர். வேகத்தை அடக்குவதற்குப் பிரேக் ஒன்றே துணை. புவியீர்ப்பையே ஊழியனாக்கிய இந்த ஏற்பாட்டை, அக்காலத்துப் பொறியியலின் மிக அழகிய சாதனைகளில் ஒன்றென்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

சரிவு முடிந்த இடத்தில் எஞ்சின் தன் பாரத்தை ஏற்றுக்கொள்ளும். கொதிகலத்தில் அடுப்பின் கூரைத் தகட்டை எப்போதும் நீர் மூடியிருத்தல் வேண்டும். நீர் குறைந்து தகடு சூடேறினால், கூரையில் திருகப்பட்ட அடைப்பின் நடுவிலுள்ள ஈயம் உருகி, நீராவி பீறிட்டு நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். கண்ணாடிக் குழாயில் தெரியும் அந்த நீர்மட்டத்தின்மீது ஓட்டுநர் ஒரு கண் வைத்தபடியேதான், வளைவுகளையும் பாலங்களையும் கடந்தார்.

1949இல் திருவிதாங்கூர்-கொச்சிக்கும், 1956இல் கேரளத்துக்கும் உரிமையான டிராம்வே, பராமரிப்புச் செலவு பெருகி, மலைச்சாலைகளில் லாரிகள் மரமேற்றத் தொடங்கியதும் தன் பயனை இழந்தது. 1963இல் அது மூடப்பட்டது. எஞ்சின்களும் வண்டிகளும் பழைய இரும்பாய் விலைபோயின. உலை எந்தச் சரித்திரத்தையும் விசாரிப்பதில்லை.

பழைய எஞ்சின்களைப் பாதுகாப்பது அசாத்தியமன்று என்பதற்குச் சென்னையே சாட்சி. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்ட ஃபேரி குவீன் எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனையினர் பழுதுபார்த்து உயிர்ப்பித்து, 1997இல் மீண்டும் ஓடச் செய்தனர். அதன் உடன்பிறப்பான 21ஆம் எண் எஞ்சினையும் 2010இல் மீட்டனர். நீலகிரி மலைரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எஞ்சின்களையே கட்டியிருக்கிறது. கொதிகலத்தைப் பரிசோதித்து, மெலிந்த குழாய்களை மாற்றி, நீரழுத்தச் சோதனையில் தேறச் செய்யும் கைத்திறன் நம்மிடம் இன்றும் உண்டு. பயணிகளை இழுத்த எஞ்சினுக்குக் கிடைத்த அந்தக் கவனம் மரம் இழுத்த எஞ்சினுக்குக் கிடைக்கவில்லை என்பதே இந்த வரலாற்றின் பெருங்குறை.

பரம்பிக்குளம் 2010இல் புலிகள் காப்பகமாயிற்று. டிராம்வேயின் சரிவுகளில் கயிறு சுற்றிய உருளைகளும் பிரேக் அமைப்புகளும் காட்டுக்குள்ளே துருவேறிக் கிடக்கின்றன. அவற்றைப் பெயர்த்தெடுக்காமல், அவை கிடக்கும் இடத்திலேயே செடிகொடி நீக்கிக் காக்க வேண்டும். அந்தப் பாதையில் உழைத்தவர்களின் குடும்பங்களில் புகைப்படமோ வரைபடமோ இருந்தால், அவற்றை ஆவணக்காப்பகங்களில் சேர்ப்பிக்க வேண்டும்.