ஒற்றைச் செயின் வீல்: பிரான்சிலும் திருநள்ளாற்றிலும்

ரோடு பைக் பிரியர்கள் அடிக்கடி விவாதிக்கும் விஷயம் 'ஒன் பை'. பெடலோடு சுழலும் செயின் வீல் முன்னால் ஒன்றே ஒன்று, மாற்றுகிற கியர் எல்லாம் பின்சக்கரத்தில். வழக்கமான ரோடு பைக்கில் முன்னால் இரண்டு செயின் வீல் இருக்கும். இதைப் புதுமை என்று விற்கிறார்கள். ஆனால் திருநள்ளாற்றுத் தெருவில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போகும் பழைய சைக்கிளிலும் முன்னால் ஒன்றுதான். பின்னால் கூட ஒன்றுதான்!

அந்த சைக்கிளில் சாதாரணமாக முன்னால் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். காவிரி டெல்டாவில் மேடு என்றால் வாய்க்கால் பாலம்தான். அதனால் இந்த ஒரே கியர் போதுமானதாக இருந்தது. பழுதானால் எந்தத் தெருமுனைக் கடையிலும் சரி செய்யலாம்.

திருநள்ளாறு அடங்கிய காரைக்கால் பகுதி 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது (இடையில் சில முறை ஆங்கிலேயரிடம் போய் வந்தது). கியர் பற்றிய பெரிய சண்டை நடந்ததும் அந்தப் பிரான்சில்தான். செயின்ட் எட்டியென் ஊரைச் சேர்ந்த பால் தெ விவி மலைப்பாதைக்கு கியர் அவசியம் என்று தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். 1903-ல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெகிராஞ்சோ கியர் மாற்றும் கருவியை விரும்பவில்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். அதன் இரு பக்கமும் வெவ்வேறு அளவு பல்சக்கரம் இருக்கும். 1937-ல்தான் அந்தத் தடை நீங்கியது. உலகப் போருக்குப் பிறகு முன்னால் இரண்டு செயின் வீல் என்பது பந்தயத்தில் வழக்கமானது.

பிறகு ஏன் மறுபடி ஒன்று? 2012-ல் ஸ்ராம் நிறுவனம் மலை சைக்கிளுக்காக பின்னால் 11 கியர் கொண்ட ஒற்றைச் செயின் வீல் அமைப்பை வெளியிட்டது. செயின் கழலாமல் இருக்க பற்கள் ஒன்று தடிப்பாகவும் அடுத்தது மெலிதாகவும் வெட்டப்பட்டன. சில ஆண்டுகளில் இது ரோடு பைக்குக்கும் வந்தது. லாபம்: முன் டிரெயிலர், அதன் கேபிள், லீவர் எதுவும் வேண்டாம். எடை குறையும், பழுதும் குறையும்.

நஷ்டமும் உண்டு. முன்னால் 44, பின்னால் 10 முதல் 42 பல் வைத்தால், இரண்டு செயின் வீல் தரும் மொத்த வீச்சு ஏறக்குறைய கிடைத்துவிடும். ஆனால் 10-லிருந்து 12-க்கு மாறும்போது ஒரே தாவலில் 20 சதவீத வித்தியாசம். வழக்கமான 11-லிருந்து 12-க்கு 9 சதவீதம்தான். குழுவோடு வேகமாகப் போகிறவருக்கு ஒரு கியர் கனமாகவும் அடுத்தது லேசாகவும் தோன்றும். ஓரத்துக் கியர்களில் செயின் சாய்ந்து ஓடுவதால் உராய்வும் கூடும்.

2018-ல் அயர்லாந்தின் அக்வா புளூ அணி முழுவதும் ஒற்றைச் செயின் வீல் சைக்கிளில் பந்தயம் ஓட்டியது. செயின் கழல்வதாகப் புகார்கள் எழுந்தன. அந்த ஆண்டே அணியும் கலைந்தது. 2023 ஜிரோ தெ இத்தாலியாவில் மோந்தே லுசாரி மலை ஏற்றத்துக்கு பிரிமோஸ் ரோக்லிச் முன்னால் ஒரே 42 பல் செயின் வீலோடு வந்தார். நடுவழியில் அவருக்கும் செயின் கழன்றது! இருந்தும் அன்றைய சுற்றை வென்று, மொத்தப் பந்தயத்தையும் 14 வினாடியில் வென்றார். அந்தச் செங்குத்தான மலைக்கு அது பொருத்தமான கியர்.

ஆக, ஒன்றா இரண்டா என்பதை நாகரிகம் தீர்மானிக்கக் கூடாது. நிலம்தான் தீர்மானிக்க வேண்டும். திருநள்ளாற்றுக்கு மலை இல்லை, ஆனால் எதிர்க்காற்று உண்டு. காற்றில் தேவைப்படுவது பெரிய வீச்சு அல்ல, நெருக்கமான கியர்கள். இங்கே ரோடு பைக் வாங்குபவர் ஒற்றைச் செயின் வீலைத் தேர்ந்தெடுத்தால், பின்னால் 42 பல் தேவையில்லை. 11 முதல் 28 வரை உள்ள சிறிய கேசட் போதும். விலையும் குறைவு, தாவலும் குறைவு. பால்காரரின் சைக்கிள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டது.