வட்டு மாற்றமும் பாடத் திரிபும்

ஏட்டுச் சுவடியினின்று தாளுக்குத் தமிழ் நூல்கள் பெயர்ந்தபொழுது பதிப்பாசிரியர்கள் உற்ற இடர்ப்பாட்டை ஆராய்ச்சி மாணவர் நன்கறிவர். ஏடெழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்திற்குப் புள்ளி இட்டாரல்லர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தினாரல்லர். காலுக்கும் ரகரத்திற்கும் ஒரே வடிவை வரைந்தனர். பாட வேறுபாடுகளுட் பல இம்மூன்று வாயில்களின் வழியே நுழைந்தன. இவ்வாயில்கள் அச்சு வந்தபின் அடைபட்டன என்றே நாம் கருதியிருந்தோம். அவற்றுள் இரண்டேனும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் திறந்தன. திறந்தது கணிப்பொறி வட்டு. ஒருவகை வட்டினின்று மற்றொரு வகை வட்டிற்குக் கோப்புக்களைப் பெயர்த்த வரலாற்றைப் பொறியியலார் தம் நோக்கிற் கூறுவர். அதனை மூலபாட ஆராய்ச்சியின் நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வழக்கில் 'பிளாப்பி' எனப்பெறும் நெகிழ்வட்டு, காந்தப் பூச்சுடைய மெல்லிய தகடு. அதன்மேல் வட்ட வட்டமாகத் தடங்கள் அமையும். தடம் ஒவ்வொன்றும் கூறுகளாகப் பகுக்கப்பெறும். கூறு ஒவ்வொன்றும் குறித்த தொகையான பைட்டுக்களைத் தாங்கும். இத்தொகைகள் எல்லாப் பொறிக்கும் ஒன்றாக இருந்திருப்பின் இடர் ஒன்றும் இல்லை. ஆனால், அங்காடியில் வாங்கும் வெற்று வட்டு ஒன்றேயாயினும் அதன்மேல் எழுதும் முறையை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. ஆப்பிள் இரண்டாம் பொறி 35 தடங்களையும், தடத்திற்கு 256 பைட்டுக் கொண்ட 16 கூறுகளையும் அமைத்தது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பொறி 40 தடங்களையும், தடத்திற்கு 512 பைட்டுக் கொண்ட 8 கூறுகளையும் அமைத்தது. 1984இல் நடுவணரசு தொடங்கிய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின் வழி நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோவின் கணக்கு வேறு. தடத்திற்கு 256 பைட்டுக் கொண்ட 10 கூறுகள். கணக்கு மட்டுமோ வேறு? காந்தத் திருப்பங்களை ஒன்று, சுழி என்னும் குறிகளாகப் பொருள் கொள்ளும் முறையும் வேறு. ஆப்பிள் எழுதிய வட்டினை ஐ.பி.எம். பொறியில் இட்டால், அப்பொறி அதனை எழுதப்படாத வட்டென்றே கொள்ளும். ஆப்பிளின் மக்கிண்டாசு 1984இல் மூன்றரை அங்குல வட்டினைக் கைக்கொண்டது, பின்னர் ஐ.பி.எம். வழிப் பொறிகளும் அதே உறையுடைய வட்டினையே ஏற்றன. எனினும் உறை ஒத்ததேயன்றி எழுத்து ஒத்ததில்லை. மக்கிண்டாசின் பழைய வட்டுச்செலுத்தி, தடத்தின் இடத்திற்கேற்பச் சுழலும் விரைவையே மாற்றிக்கொண்டது. 1988இல் ஆப்பிள் வெளியிட்ட புதிய செலுத்திதான் இருவகை வட்டினையும் படித்தது.

வட்டு வழி பெயர்க்க இயலாத கோப்பினைக் கம்பி வழி பெயர்ப்பது அக்காலத்தார் கண்ட உபாயம். இரு பொறிகளையும் அருகருகே வைத்து, அவற்றின் தொடர்வாயில்களைக் கம்பியால் இணைத்து, ஒன்று சொல்ல மற்றொன்று எழுதிக்கொள்ளுமாறு செய்தனர். ஏட்டை ஒருவர் படிக்க ஒருவர் எழுதிய பழைய வழக்கமே இது. படிப்போன் பிழையும் கேட்போன் பிழையும் இங்கும் உண்டாதலின், அவற்றைக் காண வழிமுறைகள் வகுத்தனர். 1977இல் வார்டு கிறிசுடென்சன் என்பார் இயற்றிய எக்சுமோடம் கோப்பினை 128 பைட்டுப் பகுதிகளாக்கிப் பகுதிதோறும் ஒரு கூட்டுத்தொகையையும் உடன் அனுப்பும். பெற்ற பொறி தானும் கூட்டிப் பார்த்துத் தொகை ஒவ்வாதாயின் மீண்டும் கேட்கும். 1981இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய கெர்மிட் இன்னும் நுட்பமானது. இடைவழியில் உள்ள பொறிகள் சில குறிகளைக் கட்டளையாகக் கொண்டு விழுங்கிவிடும் என்பதை உணர்ந்து, அத்தகு குறிகளை அச்சிடத்தகும் எழுத்துக்களாக மாற்றி, முன்னே ஓர் அடையாளமிட்டு அனுப்பிற்று.

ஆங்கிலத்திற்கு இவை போதியனவாயின. தமிழுக்குப் போதாமைக்குக் காரணம் எட்டாம் பிட்டு. ஒரு பைட்டில் எட்டுப் பிட்டுக்கள் உள. ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிகளுக்கும் ஏழே அமையும். எனவே, எட்டாவதை வெற்றிடமெனக் கருதிப் பலர் பலவாறு பயன்கொண்டனர். கம்பி வழி அனுப்பியோர் அதனைப் பிழை காணும் குறியாக்கினர். வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலி சொல்லின் இறுதியெழுத்தைக் குறிக்க அதனைக் கொண்டது; ஆகவே வேர்ட்ஸ்டார்க் கோப்பினைப் பிறபொறிக்கு மாற்றிய கருவிகள் எட்டாம் பிட்டினைக் களைந்துவிட்டே மாற்றின. ஆங்கிலத்திற்கு அது தூய்மை செய்தல். 128க்கு மேற்பட்ட எண்களில் தன் எழுத்துக்களை வைத்த மொழிக்கோ வேரறுத்தல். ஒரு சான்று காண்போம். பின்னாளில் அமைந்த 'டிஸ்கி' என்னும் தமிழ்க் குறியேற்றத்தில் 'தமிழ்' என்னும் சொல் 190, 193, 162, 250 என்னும் நான்கு எண்களாகும். எட்டாம் பிட்டு நீங்கின், ஒவ்வோர் எண்ணிலும் 128 குறைந்து, 62, 65, 34, 122 என நிற்கும். இவை முறையே 'மிகுதி' எனப் பொருள்படும் கணக்குக் குறியும், ஆங்கில முதலெழுத்தும், மேற்கோட் குறியும், ஆங்கில இறுதியெழுத்தும் ஆகும். தமிழ் என்னும் சொல் தமிழினின்றே மறைந்த கதை இது.

1980களில் கனடா வாழ் சீனிவாசன் ஆக்கிய 'ஆதமி', மலேசியா வாழ் முத்து நெடுமாறன் ஆக்கிய 'முரசு' முதலிய சொற்செயலிகள் தோன்றின. அடுத்த பதிற்றாண்டில் எழுத்துருக்கள் பெருகின. ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவில் எழுத்துக்களுக்குத் தாம் விரும்பிய எண்ணிடங்களைத் தந்தனர். இதனால் வட்டு ஒத்தும், கோப்பு ஒத்தும், எழுத்து ஒவ்வாத நிலை பிறந்தது. சென்னையில் 1999ஆம் ஆண்டு நிகழ்ந்த மாநாட்டிற்குப் பின் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என இரு குறியேற்றங்களை ஏற்றது. இணையத்தாரிடை டிஸ்கி வழங்கிற்று. ஒருங்குறியில் 1991 முதற்கொண்டே தமிழுக்கு இடமிருந்தும் அது பொதுமக்கள் கணிப்பொறியில் இயங்கத் தொடங்கியது விண்டோசு 2000 வந்த பின்னரே. அரசு ஒருங்குறியை ஏற்ற ஆணை 2010இல் வெளிவந்தது. ஒரு பொதுவழி வேண்டுமென்று முயன்றோர் அனைவரும் ஆளுக்கொரு பொதுவழி கண்டனர் என்று கூறுதல் சிறிது கடுமையே, எனினும் பொய்யன்று.

இச்சூழலில் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்து வாழ் கல்யாணசுந்தரம் தலைமை பூண்டார். அமெரிக்கா வாழ் குமார் மல்லிகார்ச்சுனன் துணை நின்றார். பல நாட்டுத் தமிழர் பல்வகைப் பொறிகளில் தட்டச்சிட்டு அனுப்பிய இலக்கியங்கள் முதலில் ஓர் எழுத்துருவிலும், பின்னர் டிஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் பெயர்க்கப்பெற்றன. அவர்தம் தொண்டு அளவிடற்கரியது. இன்று ஆய்வேடு எழுதும் மாணவருள் அத்தொகுப்பை நாடாதார் அரியர். ஆயின் இங்ஙனம் கைமாறிய கோப்பு எதுவாயினும், இரண்டு மூன்று பெயர்ப்புக்களைக் கடந்து வந்த படி என்பதை மறத்தலாகாது.

அப்பெயர்ப்புக்கள் விட்டுச்சென்ற சுவடுகளைக் காண்போம். பழைய எழுத்துருக்கள் ஒலியைக் கருதாது வடிவைக் கருதி அமைந்தவை. ஔகாரக் குறியின் பிற்பகுதி ளகரத்தை ஒத்திருத்தலின், இரண்டிற்கும் ஓரெண்ணே தந்தனர் பலர். மாற்றுக் கருவி இதனை ளகரமென்றே கொண்டமையால் 'கௌரவம்' என்பது க, எகரக்கொம்பு, ளகரம் எனப் பிரிந்தது. 'ஔவை' என்பது ஒகரமும் ளகரமும் வையும் ஆயிற்று. கண்ணுக்கு வேறுபாடு அரிதிற் புலனாகும்; பொறிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒரு தொகுப்பில் ஔவையின் பெயர் எத்துணை இடங்களில் வருகின்றது எனத் தேடும் மாணவர் பெறும் விடை பிழைபடும். அகரநிரலில் 'கோ'வின் பின் நிற்க வேண்டிய சொல் 'கெ'யின் கீழ்ச் சென்று அமரும். மற்றொன்று இன்னும் வியப்பிற்குரியது. அச்சுக்கோப்போர் வழக்கில் 'ர்', 'ரி' என்பன கீழ்க்கோடின்றிக் கால் வடிவில் நின்றன. எழுத்துரு செய்தோர் அவ்வடிவைப் பேண, தட்டச்சிட்டோர் காலை இட்டு அதன்மேற் புள்ளியை வைத்தனர். ஒருங்குறிக்கு மாறியபொழுது அது ரகரமாகாமல், புள்ளி பெற்ற காலாகவே நின்றுவிட்டது. ஏடெழுதியோர் செய்த அதே கால், ரகர மயக்கம்!

ஏனை வாயிலை யான் அறிந்தது சொந்தப் பட்டறிவால். 2003ஆம் ஆண்டில், மேலநீலிதநல்லூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் கேட்டெழுதிய ஒப்பாரி, தாலாட்டு, களையெடுப்புப் பாடல்களைச் சங்கரன்கோவிலில் ஓர் அச்சகத்தில் தட்டச்சிடச் செய்து, ஏழு நெகிழ்வட்டுக்களில் வாங்கி வைத்தேன். கையெழுத்துக் குறிப்பேட்டினைப் பின்னர்க் கறையான் தின்றது. 2019இல் யு.எஸ்.பி. வட்டுச்செலுத்தி ஒன்றினைப் பெற்று அவற்றைத் திறந்தபோது, ஐந்து வட்டுக்கள் பழுதின்றிப் படித்தன. ஏழாவதில் பல கூறுகள் படிக்கவே இயலாதன. இவ்வகை வட்டு, எக்கோப்பு எங்குளது என்னும் அட்டவணையை இருபடிகளாகத் தாங்கும். முதற்படி சிதைந்திருப்பின் இரண்டாம்படி உதவும். ஆயினும் பாடலுள்ள கூறே சிதைந்தவிடத்து அட்டவணை என் செய்யும்?

ஆறாம் வட்டே பெரிதும் இடர் விளைத்தது. அதன் கோப்பு மட்டும் இடையே வேறொரு கணிப்பொறிக்குச் சென்று மீண்டது. அவ்வெழுத்துருவில் இரட்டைக்கொம்பு 173ஆம் எண்ணில் இருந்தது. அவ்வெண்ணைச் சொல்லொடிக்கும் மறைகுறி எனக் கருதும் சொற்செயலிகள் உள. அவற்றுள் ஒன்று அதனை நீக்கிவிட்டுக் கோப்பினைச் சேமித்துள்ளது. ஆகவே அவ்வட்டில் உயிர்மெய் ஏகார ஓகாரங்கள் யாண்டும் இல்லை. 'பேசி' என்பது 'பசி'யாகவும், 'மேடு' என்பது 'மடு'வாகவும், 'கோடு' என்பது 'காடு'ஆகவும் நின்றன. 'வேறு' என்பது 'வறு' என நிற்பின் திருத்துதல் எளிது. திரிந்த வடிவமும் பொருள் தருமிடத்துத் திருத்துவது எங்ஙனம்? ஏடு பார்த்த முன்னோர்க்கு இருந்தது குறில் நெடில் ஐயம். எனக்கு இருந்தது எழுத்து உண்டோ இல்லையோ என்னும் ஐயம்.

ஓர் ஒப்பாரியில் 'காடி' என்னும் சொல் மும்முறை வந்தது. கஞ்சியைக் குறிப்பதாகக் கொண்டு, இறந்தவன் உண்ணாது போன உணவைச் சொல்லிப் புலம்பியதாக உரையும் எழுதிவிட்டேன். பாடிக்கொடுத்த முதியவர் அப்போது உயிருடன் இல்லை. அவர்தம் மகளாரைக் கண்டு அப்பகுதியைப் படித்துக் காட்டினேன். சற்றுநேரம் கேட்டிருந்தவர், தாய் பாடிய மெட்டிலேயே தாமும் பாடினார். அவர் பாடியது 'கோடி'. பிறந்தகத்தார் கொண்டுவந்து போர்த்தும் கோடித் துணியைக் குறித்த சொல் அது. எழுதிய உரையை அடித்துவிட்டு, பாடத்தைத் திருத்தினேன். அதே வட்டில் மற்றொரு பாடலில் 'பசி' என ஒரு சொல் உளது. அதனைப் பாடியவர்க்கு மக்கள் இல்லை. பாடலை அறிந்தோர் பிறரும் அவ்வூரிற் கிடைத்திலர். அவ்விடத்தில் 'பசி' என்பதை மேலேயும் 'பேசி' என்பதை அடிக்குறிப்பிலும் இட்டு வைத்துள்ளேன்.