நூறும் நூற்றெட்டும்: மணி எங்கே அடிக்கிறது?

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "நம்ம சீமையைப் பத்தி எழுதுங்க, கோயில் குளம்னு மட்டும் வேண்டாம், அது போன மலர்லயே நிறைய வந்துருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சரி, டெலிபோனைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதிலும் மூன்று இலக்க எண்களைப் பற்றி.

பழைய மாணவர்களுக்கு 180, 197, 198 எல்லாம் மறந்திருக்காது. டிரங்க் கால் புக் செய்ய 180, நம்பர் விசாரிக்க 197, லைன் பழுதானால் புகார் சொல்ல 198. (லைனே செத்துக் கிடக்கும்போது 198-ஐ எதில் சுற்றுவது? பக்கத்து வீட்டுக்குத்தான் ஓட வேண்டும்.) இன்றைய மாணவச் செல்வங்களுக்கு 108-ம் 112-ம் தெரியும். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. இரண்டு ஊரில் ஒரே நம்பர் இரண்டு வீட்டுக்கு இருந்தால் அவற்றைப் பிரித்துக் காட்ட எஸ்.டி.டி. கோடு வேண்டும். 100-க்கு அப்படி எந்தக் கோடும் கிடையாது. அருப்புக்கோட்டையிலும் 100, மதுரையிலும் 100. சுற்றுகிற எண் ஒன்றாக இருக்க, மணி மட்டும் வேறு வேறு இடத்தில் அடித்தது எப்படி?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தியாவில் 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் எக்ஸ்சேஞ்சுகள் தொடங்கப்பட்டன. அப்போது விசேஷ எண் எதுவும் தேவைப்படவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்ச் பலகையில் நம் லைனுக்குரிய சின்ன மூடி கீழே விழும். ஆபரேட்டர் கேட்பார், நாம் சொல்வோம். "போலீஸ் ஸ்டேஷன் கொடுங்கம்மா" என்றால் போலீஸ் ஸ்டேஷன். "டாக்டர் வீடு" என்றால் டாக்டர் வீடு. 100, 101, 197 எல்லாம் அந்த ஒரு அம்மாதான்! பிற்பாடு நம் பக்கத்துச் சிற்றூர்களுக்கு இந்தக் கைப்பிடி ஃபோன் வந்தபோதும் இதே முறைதான். எந்த மூடி விழுந்தது என்பதை வைத்தே யார், எந்த ஊர் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பேசுகிறவர் பதற்றத்தில் ஊர்ப் பெயரைச் சொல்ல மறந்தாலும் கம்பி சொல்லிவிடும்.

ஆனால் மனிதர் நடுவில் இருந்தால் மனித வம்பும் இருக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் சவ அடக்கக் கடை வைத்திருந்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். தனக்கு வரும் அழைப்புகளைப் போட்டிக் கடைக்காரரின் மனைவியான ஆபரேட்டர் தன் புருஷன் கடைக்கே திருப்பிவிடுகிறார் என்று கோபப்பட்டுத்தான் ஆளில்லாத எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அவர் காப்புரிமை பெற்றது 1891-ல். மறு வருடமே லா போர்ட் என்ற ஊரில் அந்த எக்ஸ்சேஞ்ச் வேலை செய்யத் தொடங்கியது. இந்தியாவில் முதல் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் சிம்லாவில் 1913-14-ல் வந்தது.

இயற்பியல் படித்தவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் ரசிக்கலாம். வட்ட டயலில் 1-ஐச் சுற்றிவிட்டால் மின்னோட்டம் ஒரு முறை அறுபடும். 5 என்றால் ஐந்து முறை, 0 என்றால் பத்து முறை. ஒவ்வொரு துடிப்புக்கும் எக்ஸ்சேஞ்சில் ஒரு கை படிக்கட்டு ஏறுவதுபோல ஒரு தட்டு மேலே ஏறும். முதல் இலக்கம் 1 என்றால் கை முதல் தட்டிலேயே நின்றுவிடும். அந்தத் தட்டில் வீட்டு லைன்களைக் கட்டாமல், போலீஸ், தீயணைப்பு, டிரங்க் மேஜை, புகார் மேஜை ஆகியவற்றுக்குப் போகும் கம்பிகளைக் கட்டினார்கள். அதனால்தான் நம் யார் வீட்டு நம்பரும் 1-ல் தொடங்கியதில்லை. பத்தாவது தட்டில், அதாவது 0-வில், எஸ்.டி.டி. உட்கார்ந்தது. (லக்னோ - கான்பூர் இடையே 1960-ல் முதல் எஸ்.டி.டி. வந்தது.) அந்த இரும்புத் தட்டுகள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்ட பிறகும் தொலைத்தொடர்புத் துறையில் இவற்றை "லெவல் ஒன் சர்வீஸ்" என்றே எழுதி வருகிறார்கள்.

ஆக, 100 என்பது எந்த ஒரு ஃபோனின் நம்பரும் அல்ல. "எனக்குப் பக்கத்தில் இருக்கிற போலீஸ் எது?" என்ற கேள்வி அது. பதிலை ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் தன் கம்பிக் கட்டிலேயே வைத்திருந்தது. சிறிய எக்ஸ்சேஞ்ச் என்றால் 1-ஐப் பார்த்ததும் அழைப்பைப் பெரிய எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளிவிடும்.

அவசரத்துக்கென்று தனி எண் முதலில் வந்தது லண்டனில். 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஃபோனை எடுத்துத் தீயணைப்புக்குச் சொல்லப் பார்த்திருக்கிறார். மற்ற அழைப்புகளோடு அவருடையதும் வரிசையில் காத்துக் கிடந்தது. அந்த விசாரணைக்குப் பிறகு 1937 ஜூன் 30 முதல் 999. அதைச் சுற்றினால் ஆபரேட்டர் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்து ஒலியும் எழும். சுற்றுவதற்கு இன்னும் சுலபமான 111-ஐ ஏன் வைக்கவில்லை? காற்றில் இரண்டு கம்பிகள் உரசினாலே ஒரு துடிப்பு உண்டாகிவிடும். மூன்று முறை உரசினால் தீயணைப்பு வண்டி புறப்பட்டுவிடுமே! ஆடிக்காற்றில் நம் கரிசல் காட்டுக் கம்பிகள் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நம் 100-க்கு 21 துடிப்பு வேண்டும். காற்றுக்கு அவ்வளவு கணக்கு வராது.

கரிசல் மண்ணும் ஃபோனுக்கு நல்ல நண்பன் அல்ல. மழைக்கு உப்பி, கோடைக்கு வெடிக்கிற மண். வெயிலும் தூசியும் வேறு. 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிர்சாதனம் இல்லாமல் ஓடும் சிறிய கிராம எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது இப்படிப்பட்ட ஊர்களை மனதில் வைத்துத்தான். முதலாவது 1986-ல் கர்நாடகத்துக் கித்தூரில் வைக்கப்பட்டது. இதில் ஏறுகிற கையும் இல்லை, தட்டும் இல்லை. கம்பிக் கட்டு இருந்த இடத்தில் ஒரு அட்டவணை. 1-ல் தொடங்கினால் இன்ன பாதையில் அனுப்பு என்று நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும். ஆனாலும் ஃபோன் கம்பி ஒரு வீட்டோடு கட்டப்பட்டிருந்ததால், இடம் எது என்பதில் குழப்பமில்லை.

குழப்பம் செல்ஃபோனில் தொடங்கியது. அதற்குக் கம்பி கிடையாது. எந்தக் கோபுரம் பிடித்ததோ அதுதான் அதன் ஊர். திருச்சுழி மாதிரியான பொட்டல் வெளியில் ஒரு கோபுரத்தின் வட்டத்துக்குள் பல கிராமங்கள் அடங்கும். எல்லையோரத்தில் நின்றால் கமுதிப் பக்கத்துக் கோபுரம் பிடித்துவிடலாம். 1985-ல் மாவட்டத்தைப் பிரித்தவர்கள் கோபுர அலைகளிடம் கேட்டா பிரித்தார்கள்!

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இதில் பக்கத்து ஆஸ்பத்திரியில் மணி அடிப்பதில்லை. மாநிலம் முழுவதற்கும் அழைப்பு சென்னைக்குப் போகிறது. அங்கிருந்து பக்கத்தில் நிற்கும் வண்டிக்குத் தகவல் வருகிறது. 2019 பிப்ரவரியில் போலீஸ், தீ, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 112 வந்தது. லாபம் பெரியது. அழைப்பு வீணாகாது, எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று ஒரே இடத்தில் தெரியும். எத்தனையோ பிரசவங்களும் பாம்புக்கடிகளும் இதனால் பிழைத்திருக்கின்றன. ஆனால் ஃபோனை எடுப்பவர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். மூடி விழுந்ததும் ஊரைக் கண்டுகொண்ட அந்த அம்மா அல்ல. அவர் "எந்த மாவட்டம், எந்த தாலுகா, எந்த ஊர்?" என்று கேட்பார். "என்னய்யா கேள்வி, உசுரு போகுது இங்கே" என்று நம் ஆட்கள் கத்துவதும் உண்டு. கம்பி சொன்னதை இப்போது வாய் சொல்ல வேண்டியிருக்கிறது.

2018 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் செல்ஃபோன்களில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். இருக்க வேண்டும் என்று விதி வந்தது உண்மைதான். ஆனால் இரவில் மோட்டார் ரூமில் பாம்பு கடித்தவரின் பையில் அதற்கு முந்தைய பட்டன் ஃபோன் இருக்கலாம், சார்ஜ் ஒரு கோடு இருக்கலாம்.

இதில் நம் சீமைக்கென்று ஒரு சங்கடம். ஏந்தல், குளம், பட்டி என்று முடியும் பெயர்கள் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் பெரியவர்கள் எம். ரெட்டியபட்டி, அ. முக்குளம் என்று மனிதர்களைப்போல ஊருக்கும் இனிஷியல் வைத்தார்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டருக்கு அந்த இனிஷியல் தேவையில்லை. பேச்சில் நாமும் விட்டுவிடுகிறோம். சென்னையில் திரை முன்னால் இருப்பவருக்கு வெறும் "ரெட்டியபட்டி" என்றால் எந்த ரெட்டியபட்டி? திருச்சுழி தாலுகா, எம். ரெட்டியபட்டி என்று சொன்னால் அரை நிமிடம் மிச்சம்.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் வரும் முகவரிப் பட்டியலிலும் சிலர் ஊரின் இனிஷியலை விட்டிருக்கிறார்கள். அவர்கள் சங்கச் செயலாளரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.