நிறுத்தத் தெரிந்த பெட்டி

பேட்டரி என்பது ஒரு காலத்தில் பீரங்கி வரிசைக்குப் பெயர். 1749-இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 11 கண்ணாடிப் பலகைகளின் இருபுறமும் மெல்லிய ஈயத் தகடு ஒட்டினார். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, சேர்த்து வைத்த மின்சாரம் முழுவதையும் ஒரே நொடியில் வெளியேற்றினார். சேர்ந்து நின்று சேர்ந்து சுடும் பீரங்கிகளின் பெயரையே அதற்கும் சூட்டினார். ஆற்றங்கரை விருந்துக்கு வான்கோழியை மின்சாரத்தால் கொல்லப்போவதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்! மாதிரி விமானம் பறக்கவிடுபவர்கள் ‘3எஸ்’ (மூன்று செல்), ‘6எஸ்’ (ஆறு செல்) என்று சொல்லும் செல் கட்டுக்கு இந்தப் பழைய பெயர் நன்றாகவே பொருந்துகிறது. ஒரு செல்லால் ஆகாததை வரிசையாகக் கோத்த செல்கள் செய்கின்றன.

அந்தக் கட்டுகளில் நான்கைந்தை ஒரே சமயத்தில் சார்ஜ் செய்யும் பெட்டி இன்று பலரின் மேசையில் இருக்கிறது. மின்சாரம் கொடுப்பது அதன் வேலையில் எளிய பாதிதான். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வதே கடினமான பாதி. அதைக் கற்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியை 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்தார். இரண்டு ஈயத் தகடுகள், நடுவே துணி, பாய் போலச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் முக்கியது, அவ்வளவுதான். அதற்கு மின்சாரம் ஏற்ற அன்று டைனமோ புழக்கத்தில் இல்லை. ஒருமுறை மட்டுமே பயன்படும் வேறு வகை பேட்டரிகளை வைத்துத்தான் ஏற்றினார். உலகின் முதல் சார்ஜரே இன்னொரு பேட்டரிதான். நிறைந்ததா என்று அறிய அமிலத்தில் குமிழி பொங்குவதைப் பார்த்தார்கள்.

பேட்டரியின் எடையைச் சுமந்து பறக்க முடியுமா? 1884 ஆகஸ்ட் 9 அன்று ‘லா பிரான்ஸ்’ என்ற வான்கப்பல் சுமார் 8 கிலோமீட்டரை 23 நிமிடத்தில் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பியது. மோட்டாரைச் சுழற்றிய பேட்டரி மட்டும் 435 கிலோ. சிறு விமானத்துக்கு அது கனவிலும் ஆகாத கணக்கு.

1899-இல் சுவீடனில் வால்டமார் யுங்னர் நிக்கல்-காட்மியம் செல்லைச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதை முழுக்க மூடி அடைக்கும் வித்தை கைவந்தது. மூடியதால்தான் அது மாதிரி விமானத்துக்குள் போக முடிந்தது. தலைகீழாகக் குட்டிக்கரணம் போடும் ஒன்றில் திறந்த திரவத்தை வைக்க முடியாதே.

1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் ‘ரேடியோ குவீன்’ என்ற மாதிரி விமானத்தை மின் மோட்டாரிலும் வானொலிக் கட்டுப்பாட்டிலும் பறக்கவிட்டார். வெள்ளி-துத்தநாக பேட்டரி. விலை அதிகம் என்பதால் பரவவில்லை. பிரெட் மிலிட்கி என்பவரோ விடவே இல்லை. கிராப்னர் நிறுவனத்துக்காக, சின்னஞ்சிறு மோட்டாரில் ஓசையின்றிப் பறக்கும் ‘சைலன்டியஸ்’ மாதிரியை வடிவமைத்தார். பிறகு, நிக்கல்-காட்மியம் பேட்டரி வைத்த, மனிதர் ஏறும் விமானத்தையே உருவாக்கினார். 1973 அக்டோபர் 21 அன்று ஹைனோ பிரிடிச்கா அதை ஓட்டிப் பத்து நிமிடம் போல வானில் இருந்தார். பொம்மையில் கற்ற பாடம் நிஜ விமானத்துக்குப் போன இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

அதே எழுபதுகளில் மாதிரி விமான மைதானங்களில் ஒரு காட்சி வழக்கமானது. காரின் முன்மூடி திறந்திருக்கும். கார் பேட்டரியில் இரண்டு முதலைக் கவ்விகள். நடுவே முறுக்கிவிடும் கடிகாரம் பொருத்திய சிறு பெட்டி. 15 நிமிடம் முறுக்கி வைத்தால் ‘டிக்’ என்று நிற்கும். பிளாந்தே செய்ததேதான், பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு! கடிகாரத்துக்கோ கட்டில் ஏற்கெனவே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. அதனால் கட்டை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்கள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. சூடு ஏறினால் போதும் என்று அர்த்தம்.

தொட்டுப் பார்க்கும் வேலையை மின்சுற்றிடம் கொடுக்க ஒரு நல்ல தற்செயல் உதவியது. நிக்கல் செல் நிறைந்தபின் அதன் வோல்ட் அளவு மேலே போகாமல் இலேசாகச் சரியும். அந்தச் சரிவைக் கண்டதும் நிறுத்தும் சார்ஜர்கள் வந்தன. செல்லே ‘போதும்’ என்று சொல்லிவிடுகிறது.

லித்தியம் அப்படிச் சொல்லாது. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பேட்டரி வீடியோ கேமராவுக்கும் கைப்பேசிக்கும் போய், அதன் மெல்லிய பை வடிவமான லிப்போ 2000-களின் தொடக்கத்தில் மாதிரி விமானத்துக்கு வந்தது. எடை குறைவு, சக்தி அதிகம். பழக்கதோஷத்தில் சிலர் அதை நிக்கல் சார்ஜரில் மாட்டினார்கள். பெட்டி வோல்ட் சரிவுக்காகக் காத்திருந்தது, சரிவு வரவே இல்லை. பை உப்பி, தீப்பிடித்தது. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் என்ற கோட்டில் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற பாடம் அப்படித்தான் பதிந்தது. கட்டில் ஒரு செல் முந்தி மற்றொன்று பிந்தினாலும் ஆபத்து என்பதால், ஒவ்வொரு செல்லையும் தனியே அளக்கும் அந்த மெல்லிய வெள்ளை பேலன்ஸ் பிளக் சேர்ந்தது.

அடுத்து வந்தவர்கள் நகலெடுப்பவர்கள். ஸ்கைஆர்சியின் ‘ஐமேக்ஸ் பி6’ இரண்டு வரித் திரை கொண்ட சின்னப் பெட்டி, 50 வாட். அது உலகெங்கும் விற்க, அதே உருவில் நகல்கள் குவிந்தன. அசலென்று காட்ட மின்னும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதாயிற்று. சில ஆர்வலர்கள் அசல், நகல் இரண்டிலும் ஓடும் இலவச மென்பொருளையே எழுதிவிட்டார்கள். நகல் வாங்கியது தவறு என்று சொல்லமாட்டேன். சார்ஜ் முடிந்ததும் பேலன்ஸ் பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். செல்லுக்கு 4.20 காட்டினால் சரி. 4.25-ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியை நம்பாதீர்கள்.

ஒரு கட்டு பத்து நிமிடப் பறப்புக்கு, அதை நிறைக்க ஒரு மணி நேரம். இந்தக் கணக்குதான் பல கட்டுகளை ஒரே சமயத்தில் ஏற்றும் சார்ஜரைப் பிறக்க வைத்தது. 3எஸ் 2200 மில்லி ஆம்பியர் மணி கட்டுக்கு 2.2 ஆம்பியர், 12.6 வோல்ட், ஏறத்தாழ 28 வாட். நான்குக்கு 112. ஆகவே பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண் கட்டு மாட்டும் ஒவ்வொரு துறைக்கா, நான்குக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு மின்சாரத்தில் ஒரு எண்ணும் 12 வோல்ட்டில் இன்னொரு எண்ணும் பல பெட்டிகளில் இருக்கும். 12 வோல்ட்டுக்கு ஆர்வலர்கள் கண்டுபிடித்த வழி அருமையானது. கம்ப்யூட்டர் சர்வர்களிலிருந்து கழித்த பவர் சப்ளை, 47 ஆம்பியர் தருவதுகூட, மலிவாகக் கிடைத்தது.

துறைகளுக்குப் பதில் ஒரே பலகையில் எல்லாக் கட்டுகளையும் இணையாக மாட்டுவோரும் உண்டு. எனக்கு இதில் தயக்கம். செல்லுக்கு 0.4 வோல்ட் வித்தியாசமுள்ள இரண்டு 3எஸ் கட்டுகளை மாட்டினால் இடைவெளி 1.2 வோல்ட். பாதையின் மின்தடை 0.03 ஓம் என்றால், சார்ஜரைத் தொடுமுன்பே நிறைந்த கட்டிலிருந்து காலிக் கட்டுக்கு 40 ஆம்பியர் பாயும். செல் எண்ணிக்கை ஒன்றாகவும் வோல்ட் வித்தியாசம் செல்லுக்கு 0.1-க்குள்ளும் இருக்கும்போது மட்டும் மாட்டலாம். தனித்தனித் துறை உள்ள பெட்டிக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதே நல்லது என்பது என் முடிவு.

இன்று தஞ்சைப் பக்கம் நெல் வயலில் மருந்தடிக்கும் டிரோனுக்கும் இதே கதைதான். வரப்போரம் ஜெனரேட்டர், அருகே பல துறை சார்ஜர், ஒரு ஜோடி கட்டு பறக்கையில் அடுத்த ஜோடி ஏறிக்கொண்டிருக்கும். வயலானாலும் வீடானாலும் கட்டுகளைத் தரையில், தீப்பற்றும் பொருள் அருகில் இல்லாமல் வையுங்கள். பெட்டி நிறுத்தும்வரை பக்கத்திலேயே இருங்கள். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.