மீனின் காதும் தாத்தாவின் ஊசியும்

மீனுக்குக் காது உண்டா என்று கேட்டால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். வெளியே மடல் இல்லைதான். ஆனால் மண்டைக்குள் உட்காது உண்டு. நம் காதில் இருக்கும் அதே மயிர்ச்செல்களும் உண்டு. செல்லின் தலையில் ஒரு நுண்மயிர்க் கற்றை. அது சாய்ந்தால் நரம்புக்குச் செய்தி போகும். நாம் கேட்பதும் தள்ளாடாமல் நிற்பதும் இந்தச் செல்களால்தான்.

1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு வந்த முதல் சரியான மருந்து. அது உட்காதைக் கெடுத்து நோயாளியைத் தள்ளாட வைக்கிறது என்று 1945லேயே மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் வேறு வழி? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. சானடோரியம் வேண்டாம், வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959இல் உலகுக்குச் சொன்னது அந்த மையம்தான். வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட் மாத்திரையும் போதும் என்ற முடிவு 1964இல் வெளியானது. ஏழை நாடுகளுக்கு அது பெரிய விடுதலை.

சேவுகம்பட்டியில் என் தாத்தாவும் அந்த ஊசியால் பிழைத்தவர்தான். "பொழுது சாஞ்சா வரப்புல காலு நிக்க மாட்டேங்குதுப்பா" என்பார். பகலில் கண் துணைக்கு வரும், இருட்டில் அதுவும் கிடையாது. தை மாதம் அழகர்பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும்போது கூட்டத்துக்குள் போகவே மாட்டார், சுவரோரம்தான். குடித்திருக்கிறார் என்று பேசியவர்களும் உண்டு.

இழந்த மயிர்ச்செல் திரும்பாது என்பதே அன்றைய பாடம். 1981இல் ஜெஃப்ரி கார்வின் சுறாக்களின் உட்காதுச் செல்களை எண்ணினார். மீன் வளர வளர அவையும் பெருகிக்கொண்டே போயின. 1983இல் திருக்கையிலும் அதே கதை. எண்ணிக்கையோடு கூர்மையும் ஏறியது. 1988இல் இன்னொரு அதிர்ச்சி: பெருஞ்சத்தத்தில் கெட்ட கோழிக்குஞ்சு, காடைக் காதுகளிலும் புதுச்செல்கள் முளைத்தன. பக்கத்திலிருந்த தாங்குசெல்கள் பிரிந்து அந்த இடத்தை நிரப்பியிருந்தன.

1822இல் ஹாமில்டன் கங்கைச் சமவெளி மீன்களோடு சேர்த்து விவரித்த ஜீப்ரா மீன்தான் இன்று ஆய்வகங்களின் செல்லம். ஸ்ட்ரெப்டோமைசினின் உறவான நியோமைசினைக் கொடுத்தால் அதன் உடலோர மயிர்ச்செல்கள் செத்துப்போகும். சுமார் மூன்றே நாளில் திரும்பவும் முளைத்துவிடும்.

நமக்கோ கேட்கும் பகுதியில் முளைப்பதே இல்லை. சமநிலைப் பகுதியில் கொஞ்சம் முயற்சி நடக்கும், ஈடுகட்டாது. அந்தத் தாங்குசெல்கள் நம்மிடமும் இருக்கின்றன. அவற்றை எழுப்பத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

ஊசி போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காதை விற்று உயிரை வாங்கிய தலைமுறை அது. விலை கொடுத்தவர்களின் பெயர்தான் எந்தக் கட்டுரையிலும் இல்லை.