கைமணத்துக்கும் பெயர் உண்டு

டிசம்பர் இரண்டாவது வாரம் பிறந்துவிட்டால் எங்கள் அரியாங்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே குக்கி செய்து விற்கும் பெண்களுக்குத் தூக்கம் போய்விடும். 12 குக்கி வைத்த பெட்டி, 24 குக்கி வைத்த பெட்டி, ரிப்பன் கட்டியது, கட்டாதது என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். வாங்குபவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை. பிள்ளையின் டீச்சருக்கு, ஆபீஸ் மேனேஜருக்கு, எதிர்வீட்டு அக்காவுக்கு என்று எல்லோரும் வாங்குகிறார்கள். நான் சிறுமியாக இருந்தபோது கிறிஸ்துமஸ் தட்டில் இந்தப் பண்டம் கிடையாது. இன்று அதிரசத்துக்கும் சோமாசுக்கும் நடுவே சாக்லேட் சிப் குக்கி உட்கார்ந்திருக்கிறது.

இதை முதலில் செய்தது யார்? இதற்கு முன்பு அந்தத் தட்டில் இருந்ததைச் செய்தவர்கள் யார்? தேட ஆரம்பித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆண் சுட்ட கேக்குக்கு ஆண்டும் ஊரும் பெயரும் இருக்கின்றன. பெண் சுட்டதற்கு இருப்பது இரண்டே சொற்கள்: ஒன்று ‘தற்செயல்’, இன்னொன்று ‘கைமணம்’.

தற்செயல் என்றொரு கதை

சாக்லேட் சிப் குக்கியைச் செய்தவர் ரூத் வேக்ஃபீல்ட். 1903-இல் பிறந்த அமெரிக்கப் பெண். ஃப்ரேமிங்ஹாமில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனையியல் படித்து 1924-இல் பட்டம் பெற்றவர். உணவியல் வல்லுநராக வேலை பார்த்தார். 1930-இல் கணவருடன் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விட்மன் என்ற சிற்றூரில் ‘டோல் ஹவுஸ்’ என்ற விடுதியை வாங்கி நடத்தினார். சமையல் புத்தகமும் எழுதினார்.

1930-களின் இறுதியில் அந்த விடுதியின் சமையலறையில்தான் இந்த குக்கி பிறந்தது. ஆனால் உலகம் சொல்லும் கதை வேறு. ஒரு நாள் சமையலறையில் ஏதோ ஒரு பொருள் தீர்ந்துபோனதாம். அவசரத்துக்கு அந்த அம்மா ஒரு சாக்லேட் கட்டியை உடைத்து மாவில் போட்டாராம். உருகிக் கலந்துவிடும் என்று நினைத்தாராம். உருகாமல் துண்டு துண்டாக நின்றுவிட்டதாம். அதிர்ஷ்டம்!

மனையியல் படித்து, உணவியல் வல்லுநராக வேலை பார்த்து, ஒரு விடுதியின் சமையலையே நடத்திய பெண்ணுக்குச் சாக்லேட் எந்தச் சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாது என்று நாம் நம்ப வேண்டுமா? வாடிக்கையாளர்களுக்குப் பிடித்திருந்த பழைய குக்கியிலிருந்து மாறுபட்டு ஒன்றைத் தர முயன்றுதான் இதைச் செய்ததாக வேக்ஃபீல்டே பிற்காலத்தில் சொன்னார். அப்படியும் தற்செயல் கதைதான் பரவியது. ஆண் சோதித்துப் பார்த்தால் ஆராய்ச்சி, பெண் சோதித்துப் பார்த்தால் கைதவறியது!

1939-இல் நெஸ்லே நிறுவனத்துக்கு அந்தக் குறிப்பையும் டோல் ஹவுஸ் பெயரையும் பயன்படுத்தும் உரிமையை வேக்ஃபீல்ட் கொடுத்தார். ஒப்பந்தத் தொகை ஒரே ஒரு டாலர் என்றும், அதோடு ஆயுள் முழுக்கச் சாக்லேட் என்றும் சொல்வார்கள். நெஸ்லே தன் சாக்லேட் உறையின் மேல் அந்தக் குறிப்பை அச்சிட்டது. உடைக்கும் வேலையே வேண்டாம் என்று சிறு சிறு சில்லுகளாகவும் விற்கத் தொடங்கியது. ‘சிப்’ வந்தது அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் கடல் கடந்து போன மாசசூசெட்ஸ் சிப்பாய்களுக்கு வீட்டுப் பெண்கள் இந்த குக்கியைப் பார்சலில் அனுப்பினார்கள். பக்கத்துப் படுக்கைக்காரனும் கேட்டான். குக்கி அமெரிக்கா முழுக்கப் பரவியது. விளம்பரச் செலவில்லாமல் ஒரு பண்டத்தை நாடறியச் செய்தது அந்தப் பார்சல்களைக் கட்டிய பெண்களின் உழைப்பு.

பாபுவும் விவிகமும்

இனி நம் பக்கம் வருவோம். இந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக் வரலாறு என்று தேடினால் முதலில் வருவது கேரளத்தின் தலச்சேரி. 1880-இல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபாக்டரி தொடங்கியவர் மம்பள்ளி பாபு. 1883-இல் அஞ்சரக்கண்டியின் இலவங்கப்பட்டைத் தோட்ட முதலாளி மர்டாக் பிரவுன் இங்கிலாந்தில் செய்த ஒரு கேக்கைக் கொடுத்து, இதுபோல் செய்துதர முடியுமா என்று கேட்டதாகவும், பாபு உள்ளூர்ச் சரக்கை வைத்தே செய்து அசத்தியதாகவும் வரலாறு சொல்லப்படுகிறது. நல்ல வரலாறு. பாபுவுக்கு அந்தப் பெருமை உரியதுதான். பெயர், ஊர், ஆண்டு, சாட்சிக்கு ஒரு வெள்ளைக்காரர் என்று எல்லாமே அதில் இருக்கின்றன.

புதுச்சேரிக்கு வாருங்கள். இங்கே எங்கள் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ‘விவிகம்’ என்று பெயர். மைதாவுக்குப் பதில் ரவை. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய உலர்பழங்கள். எங்கள் வீட்டில் ரவையை முந்தின நாளே வெண்ணெயோடு பிசைந்து ஊற வைத்துவிடுவார்கள். ரவை நன்றாக ஊறினால்தான் கேக் பூப்போல வரும் என்பது ஆயாவின் கட்டளை. இலங்கையில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ‘லவ் கேக்’கிலும் ரவையும் முந்திரியும் உண்டு. ஐரோப்பியப் பண்டத்தை வெப்ப நாட்டின் அரிசிப்பானைக்கும் ரவை டப்பாவுக்கும் ஏற்ப மாற்றிய அறிவு இது. அதை மாற்றியது யார்? முதல் விவிகத்தைச் செய்த பெண்ணுக்குப் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. ‘பழைய காலத்துப் பாட்டிமார் கைமணம்’ என்று முடித்துவிடுகிறோம்.

புதுச்சேரியின் அடுப்படியே இப்படிப் பெயரில்லாத பெண்கள் கட்டியதுதான். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சைகோன் பக்கம் போன நம் ஊர்க்காரர்கள் சிலர் வியத்நாமியப் பெண்களை மணந்து வந்தார்கள். அந்தப் பெண்கள் கொண்டுவந்த பண்டம்தான் ‘சாயோ’. இன்றும் புதுச்சேரியில் கிடைக்கிறது. லூர்து திருவாஞ்சியம் லூயி இந்தச் சமையலையெல்லாம் தொகுத்து 2012-இல் ‘தி பாண்டிச்சேரி கிச்சன்’ என்று ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டார். பெண்கள் எழுதிய சமையல் புத்தகங்களை நூலகத்தில் வரலாற்று அலமாரியில் வைப்பதில்லை. வைத்திருந்தால் நம் ஊர் வரலாற்றின் பாதி அங்கேயே கிடைத்திருக்கும்.

பெண் அறிஞரின் பெயருக்குக்கூட இதுதான் நிலைமை. எங்கள் ஊரை ஒட்டிய அரிக்கமேட்டை 1945-இல் தோண்டிய மார்ட்டிமர் வீலரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி அகழாய்வு நடத்தி, ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் குடியிருந்தார்கள் என்று வீலரின் கணக்கைத் திருத்தியவர் விமலா பெக்லி. அவர் பெயரை எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அகழாய்வு அறிக்கை எழுதிய பெண்ணுக்கே இப்படி என்றால், விவிகம் சுட்ட பெண் எம்மாத்திரம்?

தகரத்தின் மேல் ஒட்டிய சீட்டு

கேக் என்றால் அடுப்பும் வேண்டும். ஆயா காலத்தில் பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் பாத்திரத்தை வைத்து, மூடியின் மேல் தணலைக் கொட்டுவார்கள். மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. நடுவில் திறந்து பார்க்க முடியாது. வாசனையை வைத்தே பதம் சொல்ல வேண்டும். அம்மா காலத்தில் மாவைத் தகரத் தட்டில் ஊற்றி ரொட்டிக்கடைக்குக் கொடுத்தனுப்பினார்கள். ரொட்டி சுட்டு முடிந்த பிறகு விறகு அடுப்பின் மீதிச் சூட்டில் வீட்டுக் கேக்குகள் வேகும். பத்து வீட்டுத் தட்டு ஒன்றாகக் கிடக்கும் என்பதால் ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டுவார்கள். எங்கள் வீட்டுச் சீட்டில் அப்பா பெயர் இருக்கும். முட்டையை அடித்து அடித்துத் தோள் வலித்தது அம்மாவுக்கு! அதன் பிறகு வட்ட வடிவ அலுமினிய ஓவன் வந்தது. இப்போது எல்லோர் வீட்டிலும் ஓ.டி.ஜி.

கருவி மாறியது. வேலை குறைந்ததா? ஊறவைப்பது, உடைப்பது, அடிப்பது, சுடுவது மட்டும்தானா வேலை? யார் வீட்டுக்கு எத்தனை துண்டு, போன வருடம் யார் என்ன அனுப்பினார்கள், மூத்த நாத்தனாருக்குக் குறையாமல் இருக்கிறதா, துக்கம் நடந்த வீட்டுக்கு இந்த வருடம் எதை அனுப்புவது என்று அத்தனையையும் ஒரு தலை நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த உழைப்புக்கு மானுடவியலாளர் மிகேலா டி லியோனார்டோ 1987-இல் ஒரு பெயர் வைத்தார். கலிபோர்னியாவில் வாழும் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்த அவர், பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்புவது, பரிசு தேர்வது, விருந்துக்கு அழைப்பது எல்லாமே வேலைதான் என்றார். தமிழில் அதை ‘உறவுப்பணி’ என்று சொல்லலாம். பெண் அதை நிறுத்தினால் இரண்டு வீட்டுக்கு நடுவிலான உறவே அறுந்துவிடும். ஆனாலும் அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை, பாசம் என்கிறார்கள்.

2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு எண்ணைத் தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். பண்டிகை வாரத்துக்கு என்று தனிக் கணக்கு எடுத்தால் அந்த 299 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தட்டு போகாத வீடு

இதுவரை சொன்னதில் பெண்ணின் உழைப்பு மட்டும் தெரிகிறது. அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். தட்டு எந்த வீட்டுக்குப் போகும் என்று முடிவு செய்யும் கைதான் எந்த வீட்டுக்குப் போகாது என்றும் முடிவு செய்தது.

18-ஆம் நூற்றாண்டில் இங்கே தேவாலயத்துக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் தலித் கிறிஸ்தவர்கள். அந்தச் சுவர் குறித்து எழுந்த தகராறையும் அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலில் சுவர் இடிந்தது. அடுப்படியில்?

நம் ஊர்களில் வாழைப்பழம், வெற்றிலை, வெல்லம், அரிசி யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். சமைத்த பண்டம் என்றால் மட்டும் ‘யார் வீட்டு அடுப்பு’ என்று பார்ப்பார்கள். பிஸ்கட்டுக்கும் இதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெல்லியில் தொடங்கிய ‘இந்து பிஸ்கட் கம்பெனி’, உயர்சாதி இந்துக்களின் கை மட்டுமே பட்ட பிஸ்கட் என்று சொல்லியே வியாபாரம் செய்தது. சுட்ட மாவுக்கும் சாதிச் சான்றிதழ்!

இன்று அட்டைப்பெட்டியும் ரிப்பனும் இதை மறைத்துவிட்டன. ஆனால் வீட்டு பேக்கர்களிடம் பேசிப் பாருங்கள். ‘முட்டை சேர்த்ததா?’ என்ற கேள்வியில் தவறில்லை, சாப்பிடாதவர்கள் கேட்கத்தான் வேண்டும். அதை அடுத்து ‘நீங்க எந்தத் தெரு?’ என்று ஒரு கேள்வி வரும். அரியாங்குப்பத்தில் தெருப் பெயரைக் கேட்பது வழி தெரிந்துகொள்வதற்காக மட்டும் இல்லை. வீட்டில் சுட்ட ஒரே குக்கிக்கு ஒரு தெருவில் ‘ஹோம்மேட்’ என்று மதிப்பு கூடுகிறது. இன்னொரு தெருவில் அதே சொல்லால் ஆர்டர் குறைகிறது. உறவுப்பணி என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்த உறவின் எல்லைக்கோட்டைக் காவல் காத்ததும் பெண்களாகிய நாம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விலைச்சீட்டு

குக்கி வந்ததில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. ஆயா இலவசமாகச் செய்ததை இன்றைய பெண் விலைக்கு விற்கிறாள். 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, சிறு உற்பத்தியாளர்கள் எளிய பதிவு ஒன்று செய்துகொண்டால் போதும். சொந்தப் பெயரில் ஒரு தொழில், சொந்தக் கணக்கில் ஒரு தொகை. சின்ன விஷயம் இல்லை.

ஆனால் விலை போடும் விதத்தைக் கவனியுங்கள். வெண்ணெய், மைதா, நாட்டுச்சர்க்கரை, சாக்லேட் சிப், கரண்ட், பெட்டி, ரிப்பன் என்று எல்லாம் எழுதிக் கூட்டுவோம். கூலி என்று ஒரு வரி எழுதுவதில்லை. இரவு 11 மணிக்கு மேல் மூன்று தட்டு சுட்ட நேரம் கணக்கில் வராது. கேட்டால், ‘வீட்டுல சும்மா இருக்கிற நேரம்தானே’ என்று நாமே பதில் சொல்வோம். ஒரு டாலர் ஒப்பந்தத்தை நம்மோடு நாமே போட்டுக்கொள்கிறோம்.

வரும் டிசம்பரில் விலைச்சீட்டில் முதல் வரியாகக் கூலியை எழுதுங்கள். பெட்டியின் மேல் கடைப் பெயரோடு உங்கள் பெயரையும் எழுதுங்கள். கல்லூரியில் படிக்கும் தங்கைகள் வீட்டில் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டு, பதிலைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இந்தப் பண்டத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எந்த அடுப்பில் சுட்டீர்கள்? தட்டு எந்தெந்த வீட்டுக்குப் போகவில்லை?

முதல் இரண்டுக்கும் சந்தோஷமாகப் பதில் வரும். மூன்றாவதைக் கேட்கும்போது கொஞ்சம் பொறுமையாகக் காத்திருங்கள்.