நெஞ்சுப் படபடப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு



இளம் பிள்ளைக்குத் திடீரென நெஞ்சு படபடத்தால் "பயம்தான், தண்ணி குடி" என்று சொல்லிவிடுகிறோம். சிலருக்கு அது பயமல்ல. இதயத்துக்குள் பிறவியிலேயே அமைந்த ஒரு மேலதிக மின்பாதை.

1930இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூன்று வைத்தியர்கள் இப்படியான இளைஞர்களின் ஈசிஜியைச் சேர்த்து எழுதினார்கள். 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி, ஒரு மீனவரின் நெஞ்சைத் திறந்து அந்தப் பாதையை வெட்டினார். 1980களின் தொடக்கத்தில் மெல்வின் ஷைன்மன், நெஞ்சைத் திறக்காமலே மெல்லிய குழாயைச் செலுத்தி மின்னதிர்ச்சி கொடுத்தார். அது கடுமையான முறை. சில வருடங்களில் ரேடியோ அலைச் சூடு அதன் இடத்தைப் பிடித்தது. அதுதான் இன்றைய அப்லேஷன்.

இன்று தொடை நாளம் வழியாகக் குழாய் போகிறது. பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். ஆனால் சுமார் ஒரு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. நமது ஏற்றங்களில் மூட்டை சுமப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். தொடையில் இரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுங்கள். நின்ற பிறகு எடுத்தால் பல வேளை ஒன்றும் பிடிபடாது. மயக்கமும் சேர்ந்து வந்தால் தாமதிக்கவே வேண்டாம்.